எடுத்த இடத்திலேயே வையுங்கள்

பதினேழு வயதுப் பெண்கள் இருவர் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். கதை முடிகையில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். காதலும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு நாவலைப் பள்ளி நூலகத்திலிருந்து வெளியேற்ற இன்று இவ்வளவு போதும். கதையில் கொலை வரலாம், போர் வரலாம், இரத்தம் குடிக்கும் பேய் வரலாம். பெண்ணும் பெண்ணும் கைகோத்து நடந்தால் மட்டும் பெற்றோர் உரிமை விழித்துக்கொள்கிறது, பள்ளி வாரியம் அவசரமாகக் கூடுகிறது, நூலகர் அட்டைப்பெட்டியோடு வந்து நிற்கிறார். பிள்ளைகளைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு புளோரிடா, அயோவா, யூட்டா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களின் சட்டமன்றங்களும் பள்ளி வாரியங்களும் செய்துவரும் இந்தக் காரியத்தை இவ்விதழ் வன்மையாகக் கண்டிக்கிறது. எடுத்த நூல்களை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று கோருகிறது.

எழுத்துரிமைக்காக இயங்கும் பென் அமெரிக்கா அமைப்பு ஆண்டுதோறும் இதைக் கணக்கெடுக்கிறது. 2021-22 கல்வியாண்டில் பள்ளிகளில் நூல் நீக்கம் 2,532 முறை நடந்தது. நீக்கப்பட்ட தலைப்புகள் 1,648. அவற்றில் 41 விழுக்காடு தன்பாலீர்ப்பாளர், திருநர் வாழ்வைப் பேசியவை, அல்லது அவர்களை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டவை. 2023-24-இல் நீக்கங்கள் 10,046-ஐத் தொட்டன. அடுத்த ஆண்டு 6,870. இறங்கிவிட்டதே என்று ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. தட்டு காலியான பிறகு எடுப்பதற்கு என்ன மிச்சமிருக்கும்? ஊரே திரண்டு வந்து கேட்டது, நாங்கள் எடுத்தோம் என்பார்கள் வாரியத்தார். 2021-22-இல் வந்த ஏறத்தாழ ஆயிரம் ஆட்சேப மனுக்களைத் திரட்டிப் படித்துப் பார்த்தது வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ். பாதிக்கு மேற்பட்ட மனுக்களைக் கொடுத்தவர்கள் வெறும் 11 பேர். பதினோரு பேர் உட்கார்ந்து எழுதிக் குவித்ததற்கு ஊர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சட்டங்கள் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். புளோரிடாவில் 2023-இல் வந்த சட்டப்படி, பாலியல் நடத்தையை விவரிக்கிறது என்று ஒரு நூலின் மேல் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் ஐந்து பள்ளி நாட்களுக்குள் அதைத் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆராய்வதெல்லாம் பிறகு. முடிவு வரும்வரை பிள்ளைகள் அதைத் தொட முடியாது. யூட்டாவில் 2024 முதல் மூன்று பள்ளி மாவட்டங்கள் ஒரு நூலை ஆகாது என்று சொன்னால் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளிலிருந்து அது வெளியேற வேண்டும். படித்துப் பார்த்து, இருக்கட்டும் என்று தீர்மானித்த நாலாவது மாவட்டத்தின் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. அயோவாவின் 2023 சட்டமோ, பாலுறவுச் செயலின் விவரிப்பு எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அந்த நூல் பள்ளி நூலகத்துக்கு ஆகாது என்கிறது. ஓட்டுப் போடும் வயதை எட்டிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கும் இதே விதி. சமய நூல்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றை இதே அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 1973-இல் மில்லர் வழக்கில் இதே நாட்டின் உச்ச நீதிமன்றம் ஆபாசத்துக்கு இலக்கணம் வகுத்தபோது, படைப்பை முழுமையாக எடுத்துக்கொண்டு, அதற்கு இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு உண்டா என்று பார்க்கச் சொன்னது. அந்த முழுமை என்ற சொல்லைத்தான் இந்த மாநிலங்கள் வசதியாக விட்டுவிட்டன.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். இந்த வலையில் ஆண்-பெண் காதல் நூல்களும் சிக்குகின்றன. யூட்டா 2024 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் பட்டியலின் 13 நூல்களில் ஆறு, சாரா ஜே. மாஸ் எழுதிய மாயக் காதல் கதைகள். அவற்றில் படுக்கையறைக் காட்சிகள் உண்டு. பள்ளியில் வைக்கலாமா என்று ஒரு தாய் கேட்டால் அவரை நாம் எள்ளி நகையாட மாட்டோம். படுக்கையறையே இல்லாத நூலை எடுப்பவர்களிடம்தான் நமக்குக் கேள்வி. லெஸ்பியன் காதல் கதைகளின் மேல் போடப்பட்ட பழைய வழக்குகளைப் புரட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒன்றே கண்ணில் படுகிறது: உடலுறவு என்பது வெளியே சொல்லும் சாக்கு, அந்தப் பெண்களுக்குக் கதைக்குள் தண்டனை கிடைக்கவில்லை என்பதே உள்ளே புகையும் ஆத்திரம்.

1928-இல் லண்டனில் ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' வெளிவந்தது. அதைத் தடை செய்யச் சொல்லி முதலில் கூச்சல் எழுப்பியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். தலையங்கம் எழுதும் தொழிலில் இருந்துகொண்டு இதை மறைப்பது அழகல்ல. சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், இந்த நாவலைக் கொடுப்பதற்குப் பதில் ஆரோக்கியமான பிள்ளையின் கையில் நஞ்சைக் கொடுத்துவிடலாம் என்கிற பொருளில் எழுதினார். இத்தனைக்கும் அந்த நாவலில் விரசமான ஒரு பக்கமும் கிடையாது. சாட்சி சொல்லத் திரண்டு வந்த எழுத்தாளர்களை நீதிபதி சர் சார்ட்ரஸ் பைரன் வாய் திறக்கவிடவில்லை. தீர்ப்பில் அவர் மனத்தை உறுத்தியது என்ன தெரியுமா? இத்தகைய பெண்களைப் பழிக்கும் ஒரு சொல்கூட நூலில் இல்லையே என்பதுதான். பிரதிகளை அழிக்க உத்தரவிட்டார். நாவலின் நாயகி கடைசியில் தன் காதலியைத் தானே விலக்கி அனுப்பிவிட்டுத் தனிமரமாக நிற்கிறாள். அந்தத் துயரமும் அவருக்குப் போதவில்லை. மறு ஆண்டே நியூயார்க் நீதிமன்றம் அதே நாவலை ஆபாசமில்லை என்று விடுவித்தது. 1929-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு இருந்த நிதானம் அது.

நெடுநாள் நீடிக்கவில்லை. 1950-களில் அமெரிக்க மருந்துக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் சில்லறைக் காசுக்கு மலிவுப் பதிப்பு நாவல்கள் விற்றன. கோல்டு மெடல் பதிப்பகத்துக்காக மரிஜேன் மீக்கர் என்ற இளம்பெண் 1952-இல் வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' எழுதினார். கல்லூரி மாணவிகள் இருவரின் காதல். பதிப்பாசிரியர் டிக் கரோல் ஒரு நிபந்தனை போட்டார்: முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது. புத்தகக் கட்டுகள் தபாலில் போகின்றன. இந்தக் காதலை நூல் மெச்சுகிறது என்று தபால்துறை ஆய்வாளருக்குத் தோன்றினால் கட்டோடு பறிமுதல் செய்துவிடுவார். ஆகவே கதையில் ஒருத்திக்குச் சித்தம் கலங்கியது. மற்றவள், நான் அவளை நேசிக்கவே இல்லை என்று தெளிந்து திருந்தினாள். பதினான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. (தலைப்பும் பதிப்பாசிரியர் சூட்டியதே. ஜேம்ஸ் மிச்சனரின் நாவல் ஒன்றின் பெயரோடு குழம்பி வாசகர்கள் வாங்கட்டும் என்ற கணக்கு. வாசகரை ஏய்க்கக் கூசாதவருக்கு இரு பெண்கள் சேர்ந்து வாழ்வதைக் காட்டத்தான் கை நடுங்கியது.) அதே 1952-இல் பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' எழுதினார். அதில் இரு பெண்களும் சேர்கிறார்கள். ஆனால் கரோல் என்ற மூத்தவள் பெற்ற மகளை விட்டுக்கொடுக்க நேர்கிறது. அந்த நூலின் அட்டையில் தன் சொந்தப் பெயரைப் போட ஹைஸ்மித்துக்கு 1990 வரை ஆயிற்று.

தபால் ஆய்வாளர் அன்று நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதினார். இன்றைய வாரியங்கள் கடைசி அத்தியாயத்தைத் திருத்தும் அளவுக்கும் மெனக்கெடுவதில்லை. மகிழ்ச்சியாக முடிகிற நூலை மொத்தமாகவே எடுத்துவிடுகின்றன. எழுபது ஆண்டுகளில் கண்ட முன்னேற்றம் இது.

பதின்பருவத்தினருக்கான நாவல்கள் இந்தக் காதலை மெல்லத்தான் தொட்டன. ரோசா கை 1976-இல் எழுதிய 'ரூபி', ஹார்லெமில் வாழும் கரீபியக் குடும்பத்துப் பெண்ணின் கதை. 1978-இல் சாண்ட்ரா ஸ்கோப்பட்டோன் எழுதிய நாவலில் காதலித்த பெண்களில் ஒருத்தி வன்புணர்வுக்கு ஆளாகிறாள். அடியோ அவமானமோ இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாதா என்ற நிலையில்தான் 1982-இல் நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' வந்தது. லைசா, ஆனி என்ற இரண்டு நியூயார்க் மாணவிகள் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் சந்திக்கிறார்கள். ஒருத்திக்குக் கட்டடக்கலை, இன்னொருத்திக்குப் பாட்டு. ஒருத்தி தனியார் பள்ளி, இன்னொருத்தி அரசுப் பள்ளி. காதல் வெளியே தெரிந்ததும் பள்ளி விசாரணை நடக்கிறது, சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆசிரியைகளின் வேலை போகிறது. இருந்தும் கடைசிப் பக்கங்களில் லைசா தொலைபேசியை எடுத்து ஆனியை அழைக்கிறாள். யாரும் சாகவில்லை, யாருக்கும் புத்தி பேதலிக்கவில்லை, யாரும் திருந்தவும் இல்லை. உடல் நெருக்கத்தை கார்டன் குறிப்பால் மட்டுமே உணர்த்துகிறார். நம் வார இதழ்த் தொடர்கதைகள் பலவற்றில் இதைவிடத் தாராளம் உண்டு.

1993-இல் ஓர் அமைப்பு கான்சஸ் சிட்டி வட்டாரத்தின் 42 உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்த நாவலை நன்கொடையாக அனுப்பியது. எதிர்ப்பாளர்கள் பள்ளி மாவட்டத் தலைமையகத்தின் வாசலில் அதைக் கொளுத்தினார்கள். பக்கத்தில், கான்சஸ் மாநிலத்திலுள்ள ஓலேத்தா பள்ளி மாவட்டம் தீ வைக்கவில்லை. அலுவலக முறைப்படி நடந்தது. நன்கொடைப் பிரதிகளை மறுத்ததோடு நில்லாமல், பல ஆண்டுகளாக எந்தச் சச்சரவும் இல்லாமல் நூலகத்தில் இருந்த பழைய பிரதியையும் கண்காணிப்பாளர் எடுக்கச் சொன்னார். 1994 ஜனவரியில் வாரியம் நான்குக்கு இரண்டு என்று வாக்களித்து அதை உறுதி செய்தது. ஆட்சேபம் வந்தால் எப்படி ஆராய வேண்டும் என்று வாரியம் தானே எழுதி வைத்திருந்த நடைமுறையைத் தானே தாண்டிச் சென்றது.

மாணவர்களும் பெற்றோர் சிலரும் நீதிமன்றம் போனார்கள். முதல் மனுதாரர் ஸ்டிவானா கேஸ் என்ற மாணவி. பின்னாளில் கணினி விளையாட்டு வீராங்கனையாக உலகெங்கும் பேர் வாங்கியவர். கல்வித் தகுதி இல்லை, அதனால் எடுத்தோம் என்று வாரியத்தார் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். கூட்டாட்சி நீதிபதி தாமஸ் வான் பெப்பர் அதை நம்பவில்லை. நூலிலுள்ள கருத்து பிடிக்காததால், அது மாணவர் கைக்குப் போகக் கூடாது என்றே எடுத்திருக்கிறார்கள் என்று 1995 நவம்பரில் தீர்ப்பு எழுதினார். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கும் கான்சஸ் மாநில அரசியல் சட்டத்துக்கும் அது முரண் என்றார். 1982-இல், அதாவது இந்த நாவல் வெளிவந்த அதே ஆண்டில், பிக்கோ வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் நால்வர் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். வழக்குச் செலவாக ஓலேத்தா மாவட்டம் இழந்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு மேல். அந்தத் தொகையில் ஒரு பள்ளி நூலகத்தையே புதிதாக நிரப்பியிருக்கலாம். மேல்முறையீடு செய்யாமல் நூலைத் திரும்ப வைத்தார்கள். 2003-இல் இதே நாவலுக்காக நான்சி கார்டனுக்கு இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது கொடுக்கப்பட்டது.

இவ்வளவும் நடந்து முடிந்த கதை. தீர்ப்பு இருக்கிறது, செலவுக் கணக்கு இருக்கிறது. இன்று புளோரிடாவிலும் டெக்சாசிலும் இருக்கும் வாரியங்களின் வழக்கறிஞர்கள் இதைப் படிக்காமலா இருந்திருப்பார்கள்? படித்துவிட்டுத்தான் செய்கிறார்கள். அதனால்தான் இதை அறியாமை என்று மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை.

மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் கிளப்' 2021-இல் இளையோர் இலக்கியத்துக்கான தேசியப் புத்தக விருது பெற்றது. கதை நடப்பது 1954-இல், சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில். பதினேழு வயது லில்லி ஹூவுக்கு ராக்கெட் ஆராய்ச்சியில் ஆசை. கூடப் படிக்கும் கேத்லீன் மேல் காதல். சீனர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்து அரசு வேவு பார்க்கும் காலம். அவள் அப்பாவின் குடியுரிமைத் தாள்களே ஆபத்தில் இருக்கின்றன. ஒரு பெண்ணை நேசிப்பது வீட்டையே நாடுகடத்திவிடக்கூடும் என்ற பயத்தோடு அவள் நேசிக்கிறாள். இனம், குடியேற்றம், அரசியல், காதல் நான்கும் இப்படிப் பின்னி வந்த இளையோர் நாவல்கள் குறைவு. அந்த லில்லி தன்னைப் போல் வேறு யாரும் உண்டா என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்வது எங்கே? மருந்துக்கடைத் தட்டில், யாரும் பார்க்காதபோது எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிடும் மலிவு நாவல் ஒன்றில். 1954-இன் மருந்துக்கடையில் லில்லிக்கு ஒரு நூல் கிடைத்தது. இன்று பல பள்ளி மாவட்டங்களின் தட்டில் லில்லியின் நூல் இல்லை.

இதில் காதல் காட்சி உண்டே என்பார்கள். உண்டு. எழுத்தாளர் எழுதியிருப்பது உயர்நிலைப் பள்ளி வயதினருக்கு. வைக்க வேண்டியதும் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில். எட்டு வயதுக் குழந்தையின் கையில் திணிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வயதுக்கேற்ற தட்டில் வைப்பது நூலகரின் அன்றாட வேலை, அதை அவர்கள் நெடுங்காலமாக ஒழுங்காகச் செய்துவருகிறார்கள்.

டெலவேர் மாநிலத்தில் 2014-இல் நடந்த கூத்தையும் குறிப்பிட வேண்டும். தன்பாலீர்ப்புள்ள ஒரு பெண்ணை 'மாற்றுகிறோம்' என்று மத முகாமில் அடைக்கும் கதையைச் சொல்கிறது எமிலி டான்ஃபோர்த்தின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் கேமரன் போஸ்ட்'. மாணவர்களுக்கான கோடை வாசிப்புப் பட்டியலிலிருந்து கேப் ஹென்லோப்பன் பள்ளி வாரியம் அதை நீக்கியது. காரணம், கெட்ட வார்த்தைகளாம். அதே பட்டியலிலிருந்த மற்ற நூல்களில் கெட்ட வார்த்தையே இல்லையா என்று கேள்வி கிளம்பியதும், வாரியம் முழுப் பட்டியலையும் ரத்து செய்தது. ஒரு லெஸ்பியன் கதையை மறுபடி சேர்ப்பதைவிட, பிள்ளைகள் ஒன்றையும் படிக்காமல் இருப்பதே மேல் என்று முடிவெடுத்தவர்கள் கல்வி வாரியத்தார்.

பழி வாரியங்களோடு நிற்பதில்லை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் 2005-இல் தன் உறுப்பினர்களிடம், காதல் நாவல் என்பதை ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்று வரையறுக்கலாமா என்று கருத்துக் கேட்டது. 2012-இல் அதன் ஓக்லஹோமா கிளை ஒன்று தான் நடத்திய போட்டிக்கு ஒரே பாலினத்தவர் காதல் கதைகளை அனுப்பக் கூடாது என்றது. எதிர்ப்பு வலுத்ததும், விதியை மாற்ற மனமில்லாமல் போட்டியையே கைவிட்டது. டெலவேர் வாரியத்தாருக்கு இவர்கள் மூத்தவர்கள். 2023-இல் ஸ்காலஸ்டிக் நிறுவனம் பள்ளிப் புத்தகச் சந்தைகளுக்கு அனுப்பும் நூல்களில் இன, பாலினப் பன்மை பேசும் 64 தலைப்புகளைத் தனிப் பெட்டியில் அடுக்கி, வேண்டாத பள்ளிகள் அந்தப் பெட்டியை மட்டும் தவிர்த்துக்கொள்ள வழி செய்தது. எழுத்தாளர்கள் கொதித்தெழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டு நிறுத்தியது. இதில் மனத்தைக் குத்தும் செய்தி ஒன்று உண்டு. 1973-இல் தொடங்கி, லெஸ்பியன் காதல் நாவல்களை முப்பது ஆண்டுகள் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிய நையாட் பதிப்பகம் 1980 முதல் இயங்கியது புளோரிடாவின் தலைநகர் டல்லஹாசியில். பெரிய முதலீடு இல்லாத நாலைந்து பெண்கள் துணிந்து செய்த காரியத்தை, கோடிகளில் புரளும் பதிப்பகம் 2023-இல் தனிப் பெட்டியில் போட்டு ஓரங்கட்டப் பார்த்தது. அதே டல்லஹாசியில் உட்கார்ந்துதான் புளோரிடாவின் 2023 சட்டத்தை இயற்றினார்கள்.

பெற்றோரின் உரிமை என்ற வாதத்துக்கு வருவோம். நாமும் பிள்ளை பெற்றவர்கள்தான். உங்கள் மகள் எதைப் படிக்கலாம் என்று வழிகாட்ட உங்களுக்கு உரிமை உண்டு. நூலகத்திலிருந்து இன்ன நூலை அவளுக்குக் கொடுக்காதீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். நூலகர் அதை மதிக்கட்டும். 2025 ஜூனில் மேரிலாந்தின் மாண்ட்கமரி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் நின்றது. ஒரு சிறுமிக்கு இன்னொரு சிறுமியின் மேல் வரும் பிரியத்தைச் சொல்லும் 'லவ், வயலெட்' என்ற படக்கதையும் அந்த வழக்கில் அடிபட்டது. அந்தத் தீர்ப்போடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதுவும்கூடத் தம் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையைத்தான் கொடுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பிடுங்கும் அதிகாரத்தை எந்தப் பெற்றோருக்கும் அது வழங்கவில்லை. கட்டாயப் பாடமும் நூலகத் தட்டும் வேறு வேறு. தட்டில் இருக்கும் நூலை யாரும் யார் மேலும் திணிப்பதில்லை. வேண்டியவள் போய் எடுத்துக்கொள்கிறாள்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. நம் பண்பாட்டுக்கு இது ஒவ்வாது என்று சொல்லிக்கொண்டு இத்தகைய மனுக்களில் கையெழுத்துப் போடுமுன் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், தாங்கள் காதலர்கள், பெற்றோரிடமிருந்தும் காவல்துறையிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தார். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி தீர்ப்புச் சொல்லுமுன் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். கையில் அதிகாரம் இருப்பதாலேயே ஒரு நாவலைப் படிக்காமல் அதற்குத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அவரிடம் பாடம் படிக்க வேண்டும். அந்த இரண்டு பெண்களும் பள்ளியில் படிக்கையில் தங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு கதைப் புத்தகமாவது கைக்குக் கிடைத்திருக்குமா என்பதும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது.

நீதிமன்றங்களை மட்டும் நம்பியிருக்க முடியாத காலமாகவும் இருக்கிறது. 2025 மே மாதம் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், டெக்சாசின் லானோ மாவட்டப் பொது நூலக வழக்கில், நூல் நீக்கத்தை எதிர்த்து வாசகர்கள் தகவல் பெறும் உரிமையைக் கோரி வழக்காட முடியாது என்று சொல்லிவிட்டது. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்றுக்கும் இது பொருந்தும். மூன்றே மாதத்தில் புளோரிடாவில் நீதிபதி கார்லோஸ் மெண்டோசா நேர் எதிராக, பாலியல் நடத்தையை விவரிக்கும் நூல் எதுவானாலும் நீக்கலாம் என்ற பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். மாநில எல்லையைத் தாண்டினால் ஒரு மாணவியின் வாசிக்கும் உரிமை மாறிப்போகிறது. இடையில் அடிபடுகிறவர்கள் நூலகர்கள். வயோமிங்கின் கேம்ப்பெல் மாவட்டம், இளையோர் பகுதியிலிருந்து நூல்களை நீக்க மறுத்த நூலக இயக்குநர் டெரி லெஸ்லியை 2023-இல் வேலையை விட்டு அனுப்பியது. 2025-இல் அவருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வரி கட்டும் மக்கள் பணம்.

ஆகவே கேட்கிறோம். ஆட்சேபம் வந்த நூல், ஆராய்ந்து முடிவு சொல்லும்வரை தட்டிலேயே இருக்க வேண்டும். புளோரிடாவின் ஐந்து நாள் விதியை விலக்குங்கள். சில ஊர்களின் வெறுப்பு மாநிலத்துக்கே சட்டமாகும் யூட்டாவின் மூன்று மாவட்ட விதியை ரத்து செய்யுங்கள். நூலை முழுமையாகப் பார்க்கும் மில்லர் அளவுகோலை அயோவாவின் சட்டத்தில் சேருங்கள். ஒரு பெற்றோரின் ஆட்சேபம் அவர் பிள்ளையோடு நிற்கட்டும். நீக்கச் சொல்லி வாக்களிக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்ததாகவும், இன்ன காரணத்துக்காக நீக்குகிறேன் என்றும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். அதே நூலில் பெண்ணுக்குப் பதில் ஓர் ஆண் இருந்திருந்தால் நீக்கியிருப்பாரா என்ற கேள்விக்கும் அந்தத் தாளில் பதில் வேண்டும். பதிப்பகங்களோ, எந்த நூலையும் தனிப் பெட்டியில் போடமாட்டோம் என்று எழுத்தாளர்களோடு போடும் ஒப்பந்தத்திலேயே உறுதி கொடுக்கட்டும். நூலை எடுக்க மறுத்ததற்காக வேலை இழந்த நூலகர்களுக்கு, அவர்கள் வழக்குப் போடக் காத்திராமல், வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

பள்ளி வாரியங்களே, உங்கள் அடுத்த கூட்டத்தின் தேதி உங்கள் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாகச் சேருங்கள். வாக்களிக்கப் போகிறவர்கள் அதற்குள் 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். அதிகம் போனால் இரண்டு மாலைப்பொழுது ஆகும்.